வண்ணம் பூசுமுன் குழாயைப் பாருங்கள்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பட்டணத்தில் வேலை தேடிக்கொண்ட நம் பிள்ளைகள் இன்று சொந்த வீடு வாங்குகின்றனர். புது வீட்டின் விலை எட்டாதபோது, கைமாறி வரும் பழைய வீட்டையே நாடுகின்றனர். வீடு கைக்கு வந்ததும் முதலில் நடைபெறுவது யாது? சுவருக்கு வண்ணம், தரைக்குப் புதிய ஓடு, சமையலறைக்கு அலமாரி. சுவருக்குள் மறைந்திருக்கும் தண்ணீர்க் குழாயை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஓராண்டு கழித்து அக்குழாய் கசியும்போது, அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒட்டிய ஓடுகளையே உடைக்க நேரிடுகிறது.

பினாங்குத் தீவிலுள்ள பாயான் பாருவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1969 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகம், எழுபதுகளில் உருவாக்கிய புதுநகர் அது. அருகே, 1972 இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வளாகம் தோன்றியது. ‘பாரு’ என்றால் புதியது என்று பொருள். ஆயினும் அந்நகரின் முதல் வீடுகளுக்கு இன்று ஏறக்குறைய ஐம்பது வயதாகிறது. அக்காலத்து வீடுகளில் பரவலாகப் பயன்படுத்தப்பட்டவை துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களாகும். அவற்றின் ஆயுள் பொதுவாக நாற்பது, ஐம்பது ஆண்டுகளே.

குழாய்க்குள் நிகழ்வது என்ன?

துத்தநாகப் பூச்சு நாளடைவில் கரைந்துபோகிறது. பின்னர் இரும்பு துருப்பிடித்து, உட்புறத்தில் கட்டி கட்டியாகப் படிகிறது. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள வழி 10 மில்லிமீட்டராகச் சுருங்கினால், நீர் செல்லும் பரப்பு பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. கரடுமுரடான துரு உராய்வதால் வேகமும் தணிகிறது. குளியலறையில் குழாயைத் திறந்தவுடன் சமையலறையில் நீர் நூல்போல் மெலிவது இதனாலேதான்.

குறை எங்குள்ளது என்று அறிவது எப்படி?

முதலாவது, அண்டை வீட்டாரைக் கேளுங்கள். எல்லா வீடுகளிலும் நீர் கலங்கியிருந்தால் காரணம் வெளியில் உள்ளது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக, பினாங்கில் சில நாட்கள் நீர் நிறுத்தப்பட்டது. இத்தகைய பணி முடிந்து நீர் திரும்பும்போது சிறிது நேரம் கலங்கலாக வருதல் இயல்பே.

இரண்டாவது, விடியற்காலையில் முதல் நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்திலும், ஐந்து நிமிடம் ஓடவிட்ட நீரை மற்றொன்றிலும் பிடியுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் முதல் கிண்ணம் நாள்தோறும் பழுப்பாக இருந்தால், இரவெல்லாம் நீர் தேங்கி நின்ற உங்கள் குழாயே காரணம் எனக் கொள்ளலாம். தொட்டியின் அடியிலுள்ள வண்டலையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, கூரைத் தொட்டி நிரம்பிய பின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். அதிலுள்ள சிறு சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால் எங்கோ கசிவு உண்டு. பத்து நிமிடத்திற்கு ஒரு லிட்டர் கசிந்தால், மாதத்திற்கு 4,320 லிட்டர் வீணாகிறது.

மீட்டர் வரையிலான குழாய் நீர் வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பின்னுள்ளது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அடுக்குமாடி வீடுகளில் இன்னுமொரு கடமை உண்டு. 2015 ஆம் ஆண்டின் விதிகளின்படி, கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால், வேறு காரணம் மெய்ப்பிக்கப்படும் வரை அது மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கருதப்படும்.

ஒட்டுப்போடுதல் சிக்கனமாகாது

ஓரிடத்தில் ஓட்டையை அடைத்தால், அதே வயதுடைய மற்றோரிடம் பின்னர் உடைகிறது. பழைய இரும்புடன் செப்புக் குழாயை நேராக இணைத்தாலோ, இரும்பு மேலும் விரைவாக அரிக்கப்படும். எனவே முழுவதையும் ஒரே முறையில் மாற்றுவதே நலம். பழைய குழாயைச் சுவரிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அதனைத் துண்டித்து மூடிவிட்டு, புதிய குழாயைச் சுவரின் மேலாகவோ கூரையின் உட்புறமாகவோ கொண்டுசெல்லலாம். செலவு குறையும், பிற்காலத்தில் பழுதுபார்ப்பதும் எளிது. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், எஃகு எனப் பலவகைக் குழாய்கள் உள்ளன. குடிநீருக்கென அங்கீகரிக்கப்பட்டதையே கேட்டு வாங்குங்கள். சுடுநீர் செல்லும் இடத்திற்குச் சுடுநீர் தாங்கும் வகையே ஏற்றது.

தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அனுமதி பெற்றவரிடமே வேலையை ஒப்படையுங்கள். குழாயின் வகை, நீளம், சுவர்ப் பூச்சுச் செலவு ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். ஒவ்வோர் அறைக்கும் தனி வால்வு வைக்கச் சொல்லுங்கள். சுவரைப் பூசி மூடுமுன் அழுத்தச் சோதனை செய்யப்பட வேண்டும்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். சில பழைய வீடுகளில் மின்சாரத்தின் நில இணைப்புக் கம்பி இரும்புத் தண்ணீர்க் குழாயுடன் பிணைக்கப்பட்டிருக்கும். இரும்பை அகற்றிப் பிளாஸ்டிக் குழாய் போட்டால் அந்தப் பாதுகாப்பு அற்றுப்போகும். மின்சாரச் சுடுநீர்க் கருவி உள்ள வீட்டில் இது உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு நில இணைப்பைச் சரிபார்த்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.

தோட்ட வீடுகளில் வசிப்போர் இச்செலவை ஏற்க வேண்டியதில்லை. தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய்நீர் வழங்குவது முதலாளியின் கடமை என 1990 ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. குறை இருப்பின் நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

பழைய வீடு வாங்கப்போகும் மகனிடமோ மகளிடமோ நீங்கள் இன்றே சொல்ல வேண்டியது இதுதான்: பணம் கட்டுமுன் எல்லாக் குழாய்களையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். வீடு கைக்கு வந்தபின் முதல் செலவு குழாய்க்கு ஆகட்டும். வண்ணம் பிறகு பூசலாம்.