பெயர் மாறலாம், எண் மாறலாமா?

ஆம்பூர் என்றதும் பலருக்குப் பிரியாணிதான் நினைவுக்கு வரும். ஆனால் காலை வேளையில் அந்த ஊர்ச் சாலையில் நின்று பாருங்கள். சோற்று டப்பாவும் கையுமாக ஷூ கம்பெனிகளுக்கு விரையும் பெண்கள் எத்தனை பேர்!

அவர்களில் லட்சுமிகள் எத்தனை, பாத்திமாக்கள் எத்தனை! "லட்சுமி!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 'அதற்குத்தான் இனிஷியல் இருக்கிறதே' என்கிறீர்களா? கல்யாணமானதும் தகப்பனார் எழுத்துப் போய், கணவர் எழுத்து வந்துவிடுகிறதே, அம்மா!

பெயரை நம்ப முடியாததால்தான் எண் பிறந்தது. ஆனால் இந்தக் கம்பெனியும் 1, 2, 3 என்று எண் கொடுக்கிறது. அடுத்த கம்பெனியும் அப்படியே. இரண்டிலும் ஒரு 47 இருக்குமல்லவா? 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட பிராவிடண்ட் பண்டில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். முதலில் வட்டார அலுவலகத்தின் எழுத்து, பிறகு கம்பெனியின் எண், கடைசியில் தொழிலாளியின் வரிசை எண். குழப்பம் தீர்ந்தது.

ஆனால் வேறு தொல்லை முளைத்தது. அந்த எண் பெண்ணுக்குச் சொந்தமல்ல, கம்பெனிக்குச் சொந்தம்! ஆம்பூரை விட்டு ராணிப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தால் புது எண், புதுக் கணக்கு. பழைய பணமோ, பிறந்த வீட்டுப் பரணில் மறந்து வைத்த நகைப் பெட்டி மாதிரி அங்கேயே கிடக்கும்.

2014 அக்டோபரில் இதற்கு விடிவு வந்தது. ஆளுக்கு ஒரே எண், 12 இலக்கம். யு.ஏ.என். என்று பெயர். ஒரே மையத்திலிருந்து கம்ப்யூட்டர் வழங்குவதால் இருவருக்கு ஒரே எண் வருவதில்லை. எத்தனை கம்பெனி மாறினாலும், அங்கே கிடைக்கும் எண்களெல்லாம் இதன் கீழ்க் கிளைகளாகச் சேர்ந்துகொள்ளும்.

நல்ல எண்ணுக்கு ஊரும் தெரியக் கூடாது, உறவும் தெரியக் கூடாது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. எண்ணுக்குள் மாவட்டத்தை வைத்துத் தைத்திருந்தால் என்ன பாடு பட்டிருப்போம்!

ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது. இருவருக்கு ஒரே எண் விழாமல் கம்ப்யூட்டர் காக்கும். ஒருத்திக்கே இரண்டு எண் விழாமல் அவளும்தான் கவனிக்க வேண்டும். புது இடத்தில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால், கணக்கு மறுபடியும் இரண்டுபட்டுவிடும்.

அதனால் என்ன நஷ்டம்? பென்ஷனுக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். ஓரிடத்தில் ஆறு வருஷம், வேறிடத்தில் நாலு வருஷம். நடுவில் பணத்தை எடுத்துவிடாமல் கணக்கை மாற்றிக்கொண்டால் பத்து. இல்லாவிட்டால் ஆறும் நாலும் தனித்தனிதான்!

ஆகவே சகோதரிகளே, வீட்டுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு இலக்கங்களையும் இன்றே எழுதி வையுங்கள். பால் கணக்கு அடுத்த பக்கத்தில் இருக்கட்டும்!