அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் மட்டும் இலவசம்

ஓசூர் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம் தொடங்கிவிடும். 2015 பிப்ரவரியில் இந்த எல்லை இணையத்தையும் பிரித்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து ஃபேஸ்புக் ஆறு மாநிலங்களில் இன்டர்நெட்.ஆர்க் சேவையைத் தொடங்கியது. பட்டியலில் தமிழ்நாடு இருந்தது, கர்நாடகம் இல்லை. ரிலையன்ஸ் சிம் வைத்திருந்த சிப்காட் தொழிலாளிக்கு ஃபேஸ்புக்கும், அது அனுமதித்த சில தளங்களும் காசில்லாமல் திறக்கும். மற்றவற்றுக்கு டேட்டா பேக் போட வேண்டும். வேலை தேடி பெங்களூரை நம்பியிருக்கும் ஓர் இளைஞன் எந்தத் தளத்தைக் காசில்லாமல் பார்க்கலாம் என்பதை ஒரு கம்பெனி தீர்மானித்தது.

அதே சேவை ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாறியது. இப்படித் தளத்துக்குத் தளம் கட்டணம் வேறுபடலாமா என்று 2015 டிசம்பர் 9-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் மக்களிடம் கருத்துக் கேட்டது. ஃபேஸ்புக் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. சாலையோரங்களில் பேனர் வைத்தது. தன் பயனாளர்களுக்கு ஒரு பொத்தானையும் காட்டியது. அழுத்தினால் ஆதரவுக் கடிதம் டிராய்க்குப் போகும். சுமார் 19 லட்சம் கடிதங்கள் போயின, எல்லாம் ஒரே வார்ப்பில். கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை. பொதுக்கருத்துக் கேட்பை ஒருங்கிணைக்கப்பட்ட வாக்கெடுப்பாக்குகிறீர்கள் என்று டிராய் கண்டித்தது. 2016 பிப்ரவரி 8-ல் பாகுபாடான டேட்டா கட்டணத்துக்குத் தடை வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம்.

ஏழையின் பெயரைச் சொல்லி நடந்த அந்தப் பிரசாரம் என்னைக் கோபப்படுத்தியது. ஆனாலும் அது கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் எதிர்க்க முடிந்தது. கம்பெனிகள் டிராய்க்கு எழுதும் பதில்களை இன்றும் யாரும் படிக்கலாம். அமைச்சர்களையும் அதிகாரிகளையும் சந்தித்து அவை என்ன கேட்கின்றன என்பதை மட்டும் படிக்க முடியாது. லாபி செய்பவர்கள் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1995-லேயே வந்தது. இங்கே இல்லை.

களமும் மாறிவிட்டது. 2020-ல் ஜியோவின் தாய் நிறுவனத்தில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாயும் கூகுள் 33,737 கோடியும் போட்டன. செயலி நடத்துபவரும் நெட்வொர்க் நடத்துபவரும் இன்று பங்காளிகள். இன்னொரு பக்கம், பெரிய செயலி நிறுவனங்கள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்கின்றன. அது நடந்தால் அந்தச் செலவு கடைசியில் சந்தாவாகவோ விளம்பரமாகவோ நம் தலையில்தான் விழும். சிறு செயலிகளுக்கும் நாளை அதே சீட்டு நீட்டப்படலாம்.

ஓசூரின் தொழிற்சங்கங்களும் சிறுதொழில் சங்கங்களும் மின்கட்டணத்துக்கு மனு கொடுப்பதுபோல், டிராய் அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது எழுத வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.