மூளைக்கட்டி ஆபரேஷனுக்கு பிறகு மூக்கில் நீர் ஒழுகுகிறதா? ஜலதோஷம் என்று விட்டுவிடாதீர்கள்!

மூளையில் கட்டி என்றதும் குடும்பமே இடிந்து போகிறது. நகையை அடகு வைத்து, வேலைக்கு லீவு போட்டு, எப்படியோ ஆபரேஷனை முடிக்கிறார்கள். 'கட்டியை எடுத்தாச்சு, இனி பயமில்லை' என்று வீடு திரும்புகிறார்கள். ஆனால் அதன் பிறகு வரும் கிருமித்தொற்று சிலரை மீண்டும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து விடுகிறது.

இது நூற்றில் சிலருக்குத்தான் வரும். ஆனால் வந்தால் மூளைக்காய்ச்சல், மூளையில் சீழ் என்று உயிருக்கே ஆபத்தாகி விடும்.

கசிவுதான் முதல் எதிரி

மூளையை சுற்றி தெளிவான நீர் ஒன்று இருக்கிறது. அதை மூடியுள்ள சவ்வை வெட்டித்தான் டாக்டர்கள் கட்டியை எடுக்கிறார்கள். பிறகு சவ்வை மூடி விடுவார்கள். அந்த இடம் சரியாக ஒட்டாவிட்டால் நீர் கசியும். நீர் வெளியே வரும் அதே வழியில் கிருமி உள்ளே புகுந்து விடும்.

பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டியை பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். அவர்களுக்கு மூக்கில் இருந்து தண்ணீர் போல சொட்டலாம். குனிந்தால் அதிகமாகும். தொண்டையில் உப்பு கரிக்கும். இதை சளி என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி போட்டால், நாள்தான் வீணாகும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

* ஒரே இடத்தில் 2-வது முறை ஆபரேஷன் செய்தவர்கள்

* பல மணி நேரம் ஆபரேஷன் நடந்தவர்கள்

* தலையில் நீரை வடிக்க பல நாட்கள் டியூப் வைத்திருந்தவர்கள்

* ஏற்கனவே தலையில் கரண்ட் வைத்தவர்கள் (கதிர்வீச்சு சிகிச்சை)

* சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், பீடி, சிகரெட் பிடிப்பவர்கள்

மூளை வீக்கம் குறைய கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் எதிர்ப்பு சக்தியை குறைக்கும், சர்க்கரையை ஏற்றும். அதற்காக அதை நீங்களாக நிறுத்தக்கூடாது. திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து. டாக்டர் சொல்லும்போதுதான் படிப்படியாக குறைக்க வேண்டும்.

பிளேடு வேண்டாம்

ஆபரேஷனுக்கு முன்பு வீட்டிலேயே பிளேடால் தலையை மழித்துக்கொண்டு போகாதீர்கள். தோலில் விழும் சின்ன கீறல்களில் கிருமி தங்கி விடும். ஆபரேஷனுக்காக முடியை மழிக்கவே கூடாது, அவசியமானால் கிளிப்பர் மெஷினால் மட்டும் வெட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. முந்தின நாளோ, அன்று காலையோ சோப்பு போட்டு குளித்துவிட்டு போவது நல்லது.

உடனே ஓட வேண்டிய நேரம்

தொற்று பெரும்பாலும் முதல் ஒரு மாதத்துக்குள் வெளிப்படும். சிலருக்கு மாதங்கள் கழித்தும் வரலாம். தையல் போட்ட இடத்தில் சிவப்பு, வீக்கம், சீழ் அல்லது நீர்க்கசிவு, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, கழுத்து பிடிப்பு, வலிப்பு, பேச்சில் குழப்பம் - இதில் ஒன்று தெரிந்தாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு காய்ச்சல் வெளியே தெரியாமலும் போகலாம்.

சென்னை, வேலூர், மதுரை என்று வெளியூரில் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் 'அடுத்த செக்கப்புக்கு போகும்போது காட்டிக்கலாம்' என்று இருந்துவிடக்கூடாது. நோயாளி மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ 108-க்கு போன் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். காயத்தில் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதுவும் வைக்காதீர்கள். நோயாளிக்கு தன் தலையின் பின்பக்கம் தெரியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் தினமும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.