ஒரு கல், இரண்டு ஆமை

கோலாலம்பூரிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ வந்து இறங்கும் பயணியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறக்கிறார்கள். துணிமணிக்கு நடுவே பிளாஸ்டிக் டப்பாக்கள். டப்பாக்களுக்குள் உள்ளங்கையில் அடங்கும் செங்காது ஆமைக் குஞ்சுகள், கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றலோடு. திருச்சி, சென்னை விமான நிலையங்களிலிருந்து இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. சில நாள்களில் பிடிபடுபவை ஆயிரக்கணக்கில். செய்தி அத்தோடு முடிந்துவிடுகிறது. பிடிபடாமல் தப்பியவையோ வண்ணமீன் கடை வழியாக யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையின் கண்ணாடித் தொட்டிக்குப் போய்ச் சேர்கின்றன, பல நேரம் ஜோடியாக.

ஒன்றை மட்டும் வாங்கினால் ஏங்கிப் போய்விடும், இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பது கடைகளில் கேட்கும் வழக்கமான யோசனை. இது வியாபாரப் பேச்சு. செங்காது ஆமைக்கு மந்தையும் கிடையாது, குடும்பமும் கிடையாது. தாய் முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆற்றில் கிடக்கும் மரக்கட்டை ஒன்றில் பத்துப் பதினைந்து ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் படங்களைப் பாசத்துக்குச் சாட்சியாகப் பகிர்கிறார்கள். அங்கே தெரிவது இடப் பற்றாக்குறை. நல்ல வெயில் விழும் கட்டை அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

ஒரே நாளில், ஒரே அளவில் வாங்கிய இரண்டு குஞ்சுகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் எப்படி இருக்கின்றன? பல வீடுகளில் ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருக்கும். மற்றது அதில் பாதிதான் இருக்கும், வால் நுனியும் காணாமல் போயிருக்கும். பெரியதற்குக் கெட்ட குணம், சின்னது சாது என்று வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் தொட்டிக்குள் வெயில் காய இருக்கும் கல்லைப் பார்க்க வேண்டும்.

ஆமை தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது என்பது பள்ளிப் பாடம். அதிகம் பேசப்படாதது, அந்தச் சூடு எதற்குச் செலவாகிறது என்பது. செங்காது ஆமையின் வயிற்றுக்குள் போன இரை எத்தனை வேகத்தில் செரிக்கும் என்பதை உடலின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. உடல் குளிர்ந்திருந்தால் இரை நாள்கணக்கில் குடலில் தங்கும், பசி மந்தமாகும். வெயில் காய்ந்து உடல் இருபத்தெட்டு டிகிரி அளவுக்கு ஏறினால் செரிமானம் வேகமெடுக்கும், அடுத்த வேளைக்கு வயிறு தயாராகும். ஆகவே கல்லில் அதிக நேரம் உட்கார்ந்த ஆமை அதிகம் தின்கிறது, வேகமாக வளர்கிறது. வளர்ந்தது கல்லில் இடம் பிடிக்கிறது.

கல்யாண மண்டபத்து அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வந்திருக்கும் செல்போன்களுக்கெல்லாம் அதுதான் கதி. முதலில் மாட்டப்பட்ட போனுக்கு இரண்டு சதவீதம்தான் கூடுதல் சார்ஜ். ஆனால் இந்த மண்டபத்தில் ஒரு விசித்திர விதி: சார்ஜ் ஏற ஏறப் போன் பெரிதாகும், பெரிய போன் பக்கத்துப் போனின் ஒயரைப் பிடுங்கிப் போடலாம். மறுநாள் காலையில் முகூர்த்த நேரத்துக்குள் இரண்டு சதவீத வித்தியாசம் இருபதாகிவிடும், மாலை வரவேற்புக்குள் ஒரு போன் டிவி அளவுக்கு வீங்கியிருக்கும். இன்னொன்று அணைந்தே போயிருக்கும். தொட்டியில் நடப்பது இதேதான், மாதக்கணக்கில். ஆரம்ப வித்தியாசம் ஒரு கிராமாக இருந்தாலும் போதும்.

அளவு இப்படி வேலை செய்கிறது என்பதை இயற்கைச் சூழலிலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் லிண்டமன் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகை நன்னீர் ஆமைகள் வெயில் காயும் இடத்துக்காக வாயைப் பிளந்து மிரட்டுவதையும் கடிப்பதையும் தள்ளுவதையும் பதிவு செய்தார். பெரும்பாலும் பெரியதே வென்றது. பிரான்சின் லியோனில் ஆய்வாளர்கள் அந்துவான் காடி, பியேர் ஜோலி இருவரும் ஐரோப்பியக் குளத்து ஆமைகளைச் செங்காது ஆமைகளோடு ஒரே குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். நல்ல இடங்களைச் செங்காது ஆமைகள் எடுத்துக்கொண்டன, உள்ளூர் ஆமைகள் மட்டமான இடங்களுக்கு ஒதுங்கின. 2004இல் வந்த அவர்களின் அடுத்த ஆய்வு இன்னும் கவலை தருவது: இப்படிக் கலந்து வாழ்ந்த ஐரோப்பிய ஆமைகள் எடை குறைந்தன, அதிகமாகச் செத்தன.

ஆற்றில் தோற்ற ஆமை தண்ணீருக்குள் பாய்ந்து வேறு கட்டையைத் தேடிப் போகும். சண்டை அங்கேயே முடிந்துவிடும். இரண்டடித் தொட்டியில் தோற்றதற்குப் போக்கிடம் இல்லை. நீந்தினால் சில நொடிகளில் மறுபக்கச் சுவர். திரும்பினால் வென்றது எதிரே நிற்கிறது. தீனி போடும்போது இது உச்சத்துக்குப் போகிறது. செங்காது ஆமைக்கு இரையை விழுங்கத் தண்ணீர் வேண்டும், அதனால் இரண்டும் ஒரே இடத்தில் முண்டியடிக்கின்றன. அசைவதையெல்லாம் கவ்வும் பழக்கத்தில் பக்கத்து ஆமையின் கால்விரலும் வாலும் வாய்க்குள் போகின்றன. பல் கிடையாது என்றாலும் கொம்புப் பொருளாலான அலகு கத்தரிபோல வெட்டும். அழுக்குத் தண்ணீரில் அந்தக் காயம் எளிதில் சீழ் பிடிக்கும்.

சில மாதங்களில் தொட்டி அமைதியாகிவிடும். சமாதானமாகிவிட்டன என்று வீட்டார் மகிழும் இந்தக் கட்டம்தான் மிகவும் ஆபத்தானது. சின்ன ஆமை கல்லில் ஏறுவதையே விட்டிருக்கும், மூலையில் கிடக்கும், தீனிக்கு வராது. சென்னைக் கோடையில் தொட்டி நீரே முப்பது டிகிரியைத் தொடும் என்பதால் வெப்பக் குறை அங்கே அவ்வளவு தெரியாது. ஏசி அறையில் நன்றாகவே தெரியும். ஆனால் தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தாலும் புறஊதாக் கதிருக்கு அது ஈடாகாது. அந்தக் கதிரில்லாமல் வைட்டமின் டி இல்லை, அந்த வைட்டமின் இல்லாமல் கால்சியம் உடலில் சேராது, ஓடு மெத்தென்று ஆகும். ஜன்னலோர வெயில் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஜன்னல் கண்ணாடி தேவையான கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

சண்டையாகத் தோன்றும் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண் ஆமை பெண்ணின் முகத்துக்கு நேரே வந்து, முன்கால்களை நீட்டி, நீண்ட நகங்களை அதன் கன்னத்தருகே படபடவென்று அதிர வைக்கும். இணைய வீடியோக்களில் இது கன்னத்தில் அறைவதாகவும் கொஞ்சுவதாகவும் சுற்றுகிறது. இது காதல் சடங்கு. ஆனாலும் பருவத்துக்கு வராத குஞ்சுகள்கூட இதைச் செய்யும் என்று 1955லேயே ஆய்வாளர் ஃபிரெட் கேகிள் எழுதியிருக்கிறார். வயதான ஆண்களின் கதை வேறு. அவற்றில் பல உடல் முழுக்கக் கறுத்துப் போகின்றன. கறுத்த ஆண்கள் நகச் சடங்கை விட்டுவிட்டுப் பெண்ணைத் துரத்திக் கடிக்கும் வழிக்கு மாறுவதை 2002இல் வெளியான ரிச்சர்ட் தாமஸின் ஆய்வு காட்டியது. பல ஆண்டுகள் ஒழுங்காக இருந்த ஆண் நிறம் மாறி முரடாகிவிட்டது என்றால் அதற்குப் பேய் பிடிக்கவில்லை, வயது ஏறியிருக்கிறது.

இந்த ஆமை வீட்டுத் தொட்டிக்கு வந்த வரலாறு சுருக்கமாக. மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்குச் சொந்தமான இந்த ஆமையை அமெரிக்கப் பண்ணைகள் பொம்மைபோல விற்றன. குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா கிருமி பரவியதால் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க அந்த நாடு 1975இல் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் செங்காது ஆமை இறக்குமதியை நிறுத்தியது.

இரண்டு ஆமை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது, தனித்தனித் தொட்டி, தனித்தனிக் கல், தனித்தனி புறஊதா விளக்கு. இன்னொரு கல் போட்டால் போதும் என்ற யோசனை எப்போதும் பலிப்பதில்லை. இடம் குறுகலாக இருந்தால் பெரியது இரண்டு கல்லையும் காவல் காக்கும். தற்காலிகமாகவேனும் நடுவே ஒளி புகாத தடுப்பு வைக்கலாம், ஒன்றையொன்று பார்க்காத அளவுக்கு. பெண் ஆமை முழு வளர்ச்சியில் 25 முதல் 30 செ.மீ. வரை நீளும், இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். கடிபட்டதை உடனே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முரட்டு ஆமையைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுவது மட்டும் கூடவே கூடாது. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இது இருக்கிறது. கேரள நீர்நிலைகளில் ஏற்கெனவே தென்பட்டிருக்கிறது, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தும் இருக்கிறது. நம் குளத்தங்கரைக் கற்களில் வெயில் காயும் கறுப்பு ஆமைகளுக்கு இந்த விருந்தாளியோடு மோதிப் பழக்கமில்லை.