ஹம்வீ ஏன் கவிழ்கிறது?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகப் பணியாற்றும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2021-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, ராணுவ வாகனங்களைப் பற்றிய நம் எண்ணத்தைப் புரட்டிப்போடுகிறது. 2010 முதல் 2019 வரையிலான பத்து நிதியாண்டுகளில், போர்க்களத்துக்கு வெளியே மட்டும், அமெரிக்கத் தரைப்படையிலும் மரைன் படையிலும் களவாகனங்கள் 3,753 விபத்துகளில் சிக்கின. 123 வீரர்கள் இறந்தார்கள். வண்டி கவிழ்ந்து நேர்ந்தவை மொத்த விபத்துகளில் ஏறத்தாழ கால் பங்குதான். ஆனால் உயிரிழப்புகளில் 63 விழுக்காடு அந்தக் கால் பங்கோடு தொடர்புடையது. எதிரி இல்லை, கண்ணிவெடி இல்லை, பயிற்சி மைதானமும் சாதாரணச் சாலையும்தான். கவிழ்வதைத் தனித்தனி ஓட்டுநர்களின் கவனக்குறைவாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. கவசம் ஏற்றப்பட்ட வண்டி, இயற்பியலின் கண்ணில், கவசமற்ற பழைய வண்டி அல்ல. அதை ஓட்டுவதையும் வேறு கலையாகவே கற்பிக்க வேண்டும் என்பது என் வாதம். அந்த அறிக்கை பல வகை வாகனங்களைச் சேர்த்துக் கணக்கிட்டது. இந்த வாதத்தை விளக்க அவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்ட ஒன்றான, நான்கு கதவு ஹம்வீயை எடுத்துக்கொள்ளலாம்.

ஹம்வீ முதலில் கவசத்துக்காக உருவான வண்டியே அல்ல. ஏ.எம். ஜெனரல் நிறுவனம் 1983-இல் தயாரிப்பு ஒப்பந்தம் பெற்றபோது, ராணுவத்துக்குத் தேவைப்பட்டது மேடு பள்ளத்தில் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் இலகுவான வண்டி. அலுமினிய உடல், இழைக்கண்ணாடியால் ஆன முன்மூடி, பல வகைகளில் துணிக் கதவு. சரக்கில்லாத எடை சுமார் 2,360 கிலோ. அதன் அடிப்பகுதியில் இருக்கும் புத்திசாலித்தனம் இன்றும் வியக்க வைப்பது. ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலும் ஒரு சிறு கியர் பெட்டி இருப்பதால், இயந்திரத்திலிருந்து வரும் தண்டு சக்கர மையத்துக்கு மேலே வந்து இணைகிறது. அச்சும், இடவலச் சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலும் உயரத்துக்குப் போய்விடுகின்றன. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே சுமார் 40 செ.மீ. இடைவெளி கிடைக்கிறது. அப்படியும் வண்டியின் மொத்த உயரம் ஆறடி அளவில்தான் நின்றது. காரணம், இயந்திரத் தண்டுகள் உள்ளறையின் நடுவே ஒரு மேடாக ஓட, நான்கு பேரும் அதற்கு மேலே அல்லாமல் இரு பக்கங்களிலும் தாழ்வாக அமர்கிறார்கள். இதற்குக் கொடுத்த விலை அகலம். ஏழடிக்கும் அதிகமான அகலம் கொண்ட அந்த வண்டியில் இடப்பக்கம் அமரும் ஓட்டுநருக்கு வலப்பக்கச் சக்கரம் எங்கே போகிறது என்பது தெரியாது. பக்கத்தில் இருப்பவரும், நெருக்கடியான இடங்களில் கீழே இறங்கிக் கைகாட்டுபவரும் அவருக்குக் கண்களாக வேண்டும்.

சேற்றிலும் பாறையிலும் இதை ஓட்டும் முறை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்பதற்கு நேர்மாறானது. ஹம்வீயின் டிஃபரன்ஷியல், பிடிப்பு இழந்த சக்கரத்தில் எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறதோ அதைப்போல் சில மடங்கு முறுக்குவிசையைப் பிடிப்புள்ள சக்கரத்துக்குத் தரும் வகையைச் சேர்ந்தது. ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கினால் அதில் எதிர்ப்பே இல்லை. சுழியத்தை எத்தனை மடங்காக்கினாலும் சுழியம்தானே, வண்டி நின்றுவிடும். அப்போது ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை மெல்ல அழுத்துகிறார். பிரேக், தொங்கும் சக்கரத்துக்குச் செயற்கையாக ஓர் எதிர்ப்பைக் கொடுக்கிறது; உடனே மறுபக்கச் சக்கரத்துக்கு விசை பாய்கிறது; வண்டி ஏறிவிடுகிறது. இரு மிதிகளையும் ஒரே நேரத்தில் மிதிப்பது தவறு என்று பழகிய காலுக்கு இது இயல்பாக வராது. வடிவமைப்பு மாறும்போது ஓட்டும் அறிவும் கூடவே மாற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிறகு வந்தது கவசம். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகதிஷுவில் நடந்த மோதல், மெல்லிய உடல் கொண்ட ஹம்வீயின் பலவீனத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அந்தப் பத்தாண்டிலேயே எம்1114 என்ற கவச வகை வந்தது. அதன் எடை ஆளும் சரக்கும் இல்லாமலே சுமார் 4,400 கிலோ. 2003-க்குப் பின் ஈராக்கில் சாலையோர வெடிகள் பெருகியபோது இந்த வகை போதிய எண்ணிக்கையில் இல்லை. வீரர்கள் பழைய இரும்புத் தகடுகளைத் தேடி எடுத்துத் தங்கள் வண்டிகளில் பொருத்திக்கொண்டார்கள். 2004 டிசம்பரில் குவைத்தில் ஒரு படைவீரர் இதைப் பற்றிப் பாதுகாப்புச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்ட பிறகு, அது உலகச் செய்தியானது. அடுத்தடுத்து தடித்த கதவுகளும், குண்டு துளைக்காத கண்ணாடிகளும், கூரையில் துப்பாக்கி வீரரைச் சுற்றிய தகடுகளும் சேர்ந்தன. 2,360 கிலோவில் தொடங்கிய வடிவம் தன்னைப்போல் இன்னொரு வண்டியைச் சுமப்பதுபோல் ஆயிற்று.

எடை கூடியது பாதிக் கதைதான். அது எங்கே கூடியது என்பதுதான் மீதிக் கதை. கதவும் கண்ணாடியும் கூரைத் தகடும் எல்லாமே மேல்பாதியில் இருப்பவை. வைக்கோலை உயரமாக ஏற்றிய மாட்டுவண்டி வரப்பில் எப்படி ஆடும் என்று பார்த்தவர்களுக்கு இதன் விளைவு புரியும். ஒரு வண்டி பக்கவாட்டில் கவிழ எவ்வளவு எதிர்க்கும் என்பதை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு: இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். ஹம்வீயில் அந்தத் தூரம் சுமார் 1.82 மீட்டர். விளக்கத்துக்காக ஈர்ப்பு மையம் 0.8 மீட்டரில் இருப்பதாக வைத்தால், விடை 1.14. கவசத்தால் அது 1 மீட்டருக்கு உயர்ந்தால் 0.91. முப்பது மீட்டர் ஆரமுள்ள வளைவில் முதல் வண்டி கோட்பாட்டளவில் மணிக்கு 66 கி.மீ. வரை தாக்குப்பிடிக்கும், இரண்டாவது 59-இலேயே எல்லையைத் தொட்டுவிடும். மெய்யான வண்டியில் இரண்டு எண்களுமே இன்னும் குறையும். ஏனென்றால் வளைவில் வெளிப்பக்கச் சுருள்வில் அமுங்குகிறது, டயரின் பக்கச்சுவர் மடங்குகிறது, ஈர்ப்பு மையமே வெளிப்பக்கம் நகர்கிறது. ஏழு கிலோமீட்டர் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நேற்றுவரை அதே வளைவில் 60-இல் போய்ப் பழகிய ஓட்டுநருக்கு அது உயிர்.

உலர்ந்த தார்ச்சாலையில் டயர் முதலில் வழுக்கிவிடும், கவிழாது என்று ஒருவர் மறுக்கலாம். உராய்வுக் கெழு பெரும்பாலும் 0.7, 0.8 அளவில்தான் இருக்கும் என்பதால் அது தாளில் சரியான மறுப்பு. ஆனால் கவிழும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை வெறும் வளைவில் கவிழ்வதில்லை. பக்கவாட்டில் வழுக்கும் சக்கரம் எதிலோ தடுக்கிக் கவிழ்கின்றன. சாலை விளிம்பின் இளகிய மண், வாய்க்கால் கரை, மண்ணில் புதைந்த கல் எதுவானாலும் போதும். கரடுமுரடான நிலத்துக்கென்றே செய்த வண்டி தடுக்கும் பொருள்களுக்கு நடுவிலேயே வாழ்கிறது. ஈராக்கின் பாசனக் கால்வாய்க் கரைகளில் பாரம் தாங்காமல் விளிம்பு சரிந்தால், வண்டி தண்ணீருக்குள்ளேயே விழும். இன்னொன்றும் உண்டு. மேலே ஏறிய எடை வண்டியின் சுழற்சித் தயக்கத்தைக் கூட்டுகிறது: சாயத் தொடங்க நேரமாகும், ஆனால் தொடங்கிவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பி நிறுத்துவது மிகக் கடினம். இரட்டை எடைக்கு அதே வேகத்தில் இரட்டை இயக்க ஆற்றல். பிரேக் தகடுகள் அத்தனையையும் வெப்பமாக்கியாக வேண்டும்.

இதற்கு வரும் மிக வலுவான எதிர்வாதத்தை மதிப்போடுதான் பார்க்க வேண்டும். கவசம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. கவிழும் ஆபத்தைச் சொல்லி அதைக் குறை கூறலாமா? கூடாது. கவசத்தைக் கழற்றச் சொல்வதல்ல என் நோக்கம். ஆனால் கவிழ்ந்த பிறகு அதே கவசம் என்ன செய்கிறது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வண்டி பக்கவாட்டில் கிடந்தால் மேல்பக்கக் கதவை ஈர்ப்புக்கு எதிராக உயர்த்தித் திறக்க வேண்டும். கவசக் கதவை அடிபட்ட ஒருவர் அப்படித் தூக்குவது மிகக் கடினம். கூரைத் துவாரத்தில் நிற்கும் துப்பாக்கி வீரரின் நிலை இன்னும் மோசம். அவர் உள்ளே இழுக்கப்படாவிட்டால் வண்டிக்கும் மண்ணுக்கும் இடையில் சிக்குவார். இதற்காகவே அமெரிக்கப் படை, ஹம்வீயின் உள்ளறையை ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தித் தலைகீழாகச் சுழற்றும் பயிற்சிக் கருவியை உருவாக்கியது. சாய்வு தொடங்கியதும் உரக்கக் கத்தி எச்சரிப்பது, துப்பாக்கி வீரரைக் காலைப் பிடித்து உள்ளே இழுப்பது, தலைகீழாகத் தொங்கியபடி பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் தேடுவது எல்லாம் அதில் பழக்கப்படுகின்றன. இது அருமையான பயிற்சி. என்றாலும் கவிழ்ந்த பின் பிழைப்பதற்கான பயிற்சி, கவிழாமல் ஓட்டுவதற்கானதல்ல.

அப்படியானால் புதிய வடிவம்தானே தீர்வு என்பார்கள். 2007-இல் பெருமளவில் வரத் தொடங்கிய எம்ராப் வண்டிகள், V வடிவ வயிற்றால் வெடிப்பின் வீச்சைப் பக்கங்களுக்குத் திருப்பிவிட்டன. வெடிக்கு எதிராக அது பெரிய பாய்ச்சல். ஆனால் V வடிவத்துக்கு உயரம் தேவை, உயரம் ஈர்ப்பு மையத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. அவையும் கிராமச் சாலைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் கவிழ்ந்தன. அகலப்படுத்தலாம் என்றால், ஏற்கெனவே ஹம்வீயே பல தெருக்களுக்குள் நுழையாது. மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு மெய்யான உதவி: சக்கரம் சறுக்கத் தொடங்குவதை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் இந்த முறையைப் பழைய ஹம்வீகளிலும் பொருத்தும் வேலை அண்மை ஆண்டுகளில் நடந்துவருகிறது. இதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். ஆயினும் அது சறுக்கலைத்தான் தடுக்கும். சரிந்துவிட்ட கரையை அதனால் தாங்க முடியாது.

ஆகவே வாதம் மீண்டும் ஓட்டுநரிடம்தான் வந்து சேர்கிறது. அடிக்கடி காணப்பட்ட காரணங்களாக அந்த 2021 அறிக்கை சொன்னவை ஓட்டுநரின் கவனச் சிதறல், மேற்பார்வைக் குறைவு, பயிற்சிக் குறைவு. கவனச் சிதறலைத் தண்டனையால் குறைக்கலாம் என்பவர்கள் கடைசிக் காரணத்தைச் சரியாக வாசிக்கவில்லை. சமதளத்தில் வண்டி ஓட்டி உரிமம் பெற்றவர் இருட்டிலும் சரிவிலும் சேற்றிலும் படிப்படியாகத் தேறவும், ஒவ்வொரு படிக்கும் அளக்கத்தக்க தரம் இருக்கவும் வேண்டும் என்பது அந்த அறிக்கையின் பரிந்துரை. அதில் இன்னொரு படியையும் நான் சேர்ப்பேன்: இலகுவான ஹம்வீயில் பெற்ற தகுதி கவச ஹம்வீக்குச் செல்லக் கூடாது. போருக்குப் போகும்போது இருக்கும் அதே தகடு, அதே வெடிமருந்துப் பாரம், கூரையில் அதே சுழல்பீடம், நான்கு பேரின் எடைக்கு மணல் மூட்டைகள், இத்தனையோடும் சரிவில் ஓட்டிக் காட்டியவருக்கே தனி உரிமம். தகடோ ஆயுதமோ மாறும் ஒவ்வொரு முறையும் அந்த வண்டியின் ஈர்ப்பு மையத்தை மறுபடி அளந்து, எந்தச் சாய்வு வரை, எந்த வளைவில் எந்த வேகம் வரை என்ற எண்களை ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டிவைக்க வேண்டும்.