வளைந்து கொடுக்கும் வெள்ளையணு



லேத் பட்டறையில் வேலை செய்பவரின் காலில் ஒரு இரும்புப் பிசிறு குத்துகிறது. சற்று நேரத்தில் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள் அங்கே வந்து சேர்வதன் அடையாளம் அது. ஆனால் அவை வரும் பாதை மிகக் குறுகியது.

வெள்ளையணுக்களில் அதிகமாக இருப்பது நியூட்ரோபில். அதன் குறுக்களவு சுமார் 8 மைக்ரான். 1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அது கடக்க வேண்டிய நுண்குழாய்கள் பலவும் 5, 6 மைக்ரான் அகலமே உள்ளவை. குழாயின் சுவரைத் தாண்டிப் புண்ணுக்குள் நுழையும் இடுக்கோ அதைவிடவும் சிறியது.

எப்படி நுழைகிறது? அதன் மேல்தோல் சுருக்கங்களோடு இருப்பதால் தேவைப்படும்போது விரியும். அதன் உட்கரு ஒரே உருண்டையாக இல்லாமல் 3 முதல் 5 துண்டுகள் கோத்தது போல் இருப்பதால் ஒவ்வொன்றாக நுழைந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் மெல்லிய கண்ணாடிக் குழாயால் இந்த அணுவை உறிஞ்சினால் நீளமாகி உள்ளே போகிறது. வெளியே விட்டால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மீண்டும் உருண்டையாகிவிடுகிறது.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களிடம் இந்த அணுக்கள் விறைத்துப்போவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. விறைத்த அணு தாமதமாக வருகிறது. கிருமியை விழுங்கும் வேகமும் குறைகிறது. இத்துடன் நரம்பு மரத்து வலி தெரியாமலும், காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தும் போனால் சிறு புண்ணே காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் ஒளு செய்யக் கால் கழுவும்போதே பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடையுங்கள். வெறுங்காலுடன் நடக்காதீர்கள். புண் கண்டால் மஞ்சளோ காபித்தூளோ வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அந்தச் சிறிய காவலாளி நேரத்திற்கு வந்து சேர்வார், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்