குழந்தை உண்ண மறுத்தால் என் செய்வது?

கணக்கேடுகளைப் பார்வையிடும் கூட்டுறவு ஆய்வாளர், குழந்தைக்குச் சோறூட்டுவதைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அங்கத்தினர்கள் வியக்கக்கூடும். நியாயமான கேள்விதான். அருப்புக்கோட்டைப் பகுதியின் நெசவாளர் சங்கங்களுக்கும், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களின் விவசாயக் கடன் சங்கங்களுக்கும் ஆய்வின் பொருட்டு நாம் சென்று வருகிறோம். அலுவல் முடிந்து திண்ணையில் அமர்ந்து பேசுகையில், நூல் விலைக்கும் மழைக்கும் அடுத்தபடியாக நம் காதில் விழும் குறை ஒன்றுண்டு. "பிள்ளை எதையுமே சாப்பிட மாட்டேன் என்கிறது" என்பதே அது.

அதே குறை நம் இல்லத்திலும் இருந்தது. நம் மகனுக்கு ஒன்றரை வயது நிறைந்தபோது அவன் ஏற்றுக்கொண்டவை மூன்றே: பால், தயிர்ச்சோறு, பிஸ்கட்டு. கீரையைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வான்; முட்டையைத் துப்பிவிடுவான். படித்தவர்கள் என்ற எண்ணம் நமக்கு. மடியில் இருத்திக் கைகளைப் பற்றிக்கொண்டு ஊட்டினோம். அவன் வாந்தி எடுத்தான். மூன்று மாதங்களாக எடை ஏறவில்லை. கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்தது. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் இரத்தசோகை என்று தெரிய வந்தது.

அப்போது எங்கள் ஊர் அங்கன்வாடி ஆசிரியை சொன்ன வார்த்தை இன்றும் நினைவில் இருக்கிறது. "சார், அவன் கீரையை வெறுக்கவில்லை. அவனுக்குக் கீரையைத் தெரியாது. தெரியாதவர் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறான் அல்லவா? இதுவும் அப்படித்தான். நாலு தடவை வந்து போனால் தானாகப் பழகிவிடுவான்."

இந்த ஒரு கருத்தையே அங்கத்தினர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். குழந்தையின் மறுப்பு முடிவான தீர்ப்பு அன்று. அறிமுகம் போதாமையின் அடையாளமே.

மறுப்பின் காரணம்

பிறக்கும்போது சுமார் 3 கிலோ எடையுள்ள குழந்தை, ஓராண்டில் ஏறக்குறைய மும்மடங்காகி 9 கிலோவை எட்டுகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு அல்லது இரண்டரை கிலோ மட்டுமே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயற்கை. இதை அறியாத தாய், முன்போல் உண்ணவில்லையே என்று கலங்குகிறாள்.

மேலும், நடக்கத் தொடங்கிய பருவத்தில் புதிய பண்டங்களிடம் ஓர் அச்சம் தோன்றுகிறது. கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய வயதில் இவ்வச்சம் ஒரு காவலாகவே அமைந்துள்ளது. அதைத் தண்டித்துப் போக்க இயலாது. பழக்கித்தான் போக்க வேண்டும்.

அமெரிக்காவில் லீன் பர்ச் என்னும் அறிஞரும் உடன் ஆய்ந்தவரும் 1982-ஆம் ஆண்டு இதைச் சோதித்துக் காட்டினர். இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளில் சிலவற்றைச் சில முறையும், சிலவற்றை இருபது முறை வரையும் ருசிக்கக் கொடுத்தனர். எந்த உணவை அதிக முறை ருசித்தனரோ அதையே குழந்தைகள் பின்னர் அதிகமாக விரும்பினர். நாமோ இரண்டு அல்லது மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குப் பிடிக்காது" என்று கணக்கை முடித்துவிடுகிறோம். பத்து முறை, பதினைந்து முறை கூடத் தேவைப்படலாம்.

பசியைக் களவாடுபவை

மறுக்கும் குழந்தையின் ஒரு நாள் வரவைக் கணக்கெழுதிப் பாருங்கள். காலையில் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டு, பத்து மணிக்கு ஒரு தம்ளர் பால், அழுதால் சேவு, மாலையில் மீண்டும் பால், வாரக்கூலி வாங்கிய நாளில் தகப்பனார் அன்போடு வாங்கிவரும் தின்பண்டப் பொட்டலம். இத்தனையும் சேர்ந்தபின் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது?

பால் நல்ல உணவுதான். ஆனால் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டியதில்லை. மிகுந்தால் அது மற்ற உணவுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இரத்தசோகைக்கு வழி செய்யும். தேநீரோ உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதையே தடுக்கிறது. அதைக் குழந்தைக்கு அறவே கொடுக்கலாகாது.

இது சிறு குறை அன்று. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. 6 முதல் 23 மாதம் வரையுள்ளவர்களில் போதிய உணவு பெற்றோர் 11.3 சதவீதமே. மூளை விரைந்து வளரும் பருவத்தில் இரும்புச்சத்து குறைந்தால், பின்னாளில் கற்கும் ஆற்றலும் குன்றக்கூடும். கடன் பாக்கியை அடுத்த தவணையில் செலுத்தலாம்; இப்பாக்கியை முழுவதும் திருப்பிச் செலுத்துவது அரிது.

கட்டாயம் கூடாது

கூட்டுறவின் முதல் கொள்கை, விரும்பிச் சேரும் அங்கத்துவம். கையைப் பிடித்திழுத்துச் சேர்த்தவர் சங்கத்துக்கு உதவமாட்டார் என்பது நம் அனுபவம். உணவுக்கும் இதுவே விதி. மூக்கைப் பிடித்து ஊற்றுவதும், பூச்சாண்டி காட்டுவதும் அவ்வுணவின்மீது பகையை வளர்க்கும். "கீரை தின்றால் மிட்டாய் தருவேன்" என்று பேரம் பேசினால், கீரை தண்டனை, மிட்டாய் பரிசு என்ற பாடத்தையே குழந்தை கற்கும். கைப்பேசியைக் காட்டி ஊட்டும் இக்கால வழக்கத்தில், எதை உண்கிறோம், வயிறு நிறைந்ததா என்பதையே குழந்தை அறியாது.

எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர்களின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை. இவ்வெல்லையை இரு தரப்பும் மதித்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1939-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. பால்குடி மறந்த 15 குழந்தைகளுக்கு 34 வகை உணவுகளிலிருந்து தாமே தேர்ந்து உண்ணும் உரிமை அளிக்கப்பட்டது. அவர்கள் நன்கு வளர்ந்தனர். ஆனால் அப்பட்டியலில் சர்க்கரைப் பண்டம் ஒன்றேனும் இல்லை. பட்டியல் பெரியவர் கையில். தேர்வு குழந்தை கையில். வெற்றியின் இரகசியம் அதுவே.

பழக்கும் முறை

முதலாவதாக, வேளை வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளை உணவு, இடையில் ஒன்று அல்லது இரண்டு முறை சிற்றுணவு. நடுவில் தண்ணீர் மட்டும். தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் அதைத் தொடரலாம். ஆயினும் உணவு வேளைக்குச் சற்று முன் கொடுப்பதைத் தவிர்த்தல் நலம்.

இரண்டாவதாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய உணவு, அதுவும் சுண்டைக்காய் அளவு மட்டும், பழகிய உணவின் பக்கத்தில் வையுங்கள். தயிர்ச்சோற்றின் அருகே ஒரு துளி கீரைக் கடைசல். தொட்டுப் பார்த்தாலும், முகர்ந்து பார்த்தாலும், நாவில் வைத்துத் துப்பினாலும் அது ஒரு வரவே. ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாள் கழித்து மீண்டும் வையுங்கள்.

மூன்றாவதாக, குழந்தையைத் தனியே ஊட்டாமல் உங்களோடு அமர்த்திக்கொள்ளுங்கள். அண்ணனும் அப்பத்தாவும் உண்பதைப் பார்த்தே அது கற்கிறது. கீரையை ஒதுக்கி வைக்கும் தகப்பனார், மகன் கீரை தின்னவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

நான்காவதாக, எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்துக் கூழாக்க வேண்டா. எட்டு, ஒன்பது மாதத்திலேயே கையால் மசித்த சோற்றுக்கும், விரலால் எடுத்துத் தின்னும் வெந்த காய்த் துண்டுகளுக்கும் பழக்க வேண்டும். முழு நிலக்கடலை, வறுத்த கடலை, முழுத் திராட்சை ஆகியவை மூச்சுக் குழலை அடைத்துவிடும். ஆகவே கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியுமே கொடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்தின் பண்டங்கள்

உலகச் சுகாதார நிறுவனத்தார், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாள்தோறும் எட்டு வகைகளில் ஐந்தேனும் சேர வேண்டும் என்று கணக்கிடுகின்றனர். தாய்ப்பால் அவற்றுள் ஒன்று. மற்ற ஏழையும் நாம் வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. அரிசியோடு திருச்சுழி, காரியாபட்டிப் பகுதிகளில் விளையும் குதிரைவாலி, நம் மானாவாரி நிலத்து உளுந்தும் பாசிப்பயறும், பால், தயிர், மீன், கோழி, ஈரல், முட்டை, முருங்கைக்கீரை, மஞ்சள் பூசணி, பப்பாளி, இராசபாளையத்து மாம்பழம், வாழைப்பழம், சாத்தூர் வெள்ளரி. ஏழும் நம் காட்டிலும் சந்தையிலும் உள்ளவையே.

அங்கன்வாடிகளில் சத்துமாவு வழங்கப்படுகிறது. கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் ஆகியவை சேர்ந்த இம்மாவைத் தமிழ்நாட்டில் மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரித்து வருகின்றன என்பது நமக்குப் பெருமை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகாமல் அது குழந்தையின் வயிற்றுக்கே போக வேண்டும்.

விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்தார். 1982 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் உட்படுத்தியது. அதற்கு முன்பே, 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தி, எடை ஏறாதவர்களுக்குத் தனிக் கவனம் செலுத்தியது. மாதம் தவறாமல் எடை பார்ப்பதன் பயனை அத்திட்டம் நமக்குக் கற்பித்தது.

தொழிற்சாலைக்குச் செல்வோருக்கு

பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் பணியாற்றும் பெற்றோர் அலுமினியத் தூள், கந்தகம் முதலியவை ஒட்டிய உடையோடு குழந்தையைத் தூக்க வேண்டா. கைகால்களைச் சோப்பால் கழுவி, உடை மாற்றியபின் ஊட்டுங்கள். வேலை உடையைத் தனியே துவையுங்கள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் காலையிலேயே அன்றைய உணவை வைத்துச் செல்லுங்கள்; காசை மட்டும் வைத்துச் சென்றால் அது கடைப் பொட்டலமாகவே மாறும்.

மருத்துவரிடம் எப்போது?

இரண்டு, மூன்று மாதம் எடை ஏறாவிடினும், விழுங்கும்போது அடிக்கடி புரையேறினும், மண்ணோ சாம்பலோ தின்றாலும், முகமும் கண்ணிமையும் வெளுத்திருந்தாலும் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். இரும்புச்சத்து மருந்தும் குடற்புழு நீக்க மாத்திரையும் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. உணவுப் பழக்கம் மாறும்வரை மருந்தை நிறுத்தி வைத்துக் காத்திருக்கலாகாது.

நம் மகனின் கதையை முடித்துவிடுகிறோம். மருந்து கொடுத்தோம், பாலைக் குறைத்தோம், பிஸ்கட்டு வாங்குவதை நிறுத்தினோம். முதல் வாரம் கடினமாகத்தான் இருந்தது. முருங்கைக்கீரையை எத்தனை முறை வைத்தோம் என்று, ஆய்வாளர் புத்தி போகாமல், நாட்காட்டியில் கோடிட்டு வந்தோம். பன்னிரண்டாவது கோட்டில் அவனே விரலால் தொட்டு நக்கினான். அடுத்த மாதம் எடை 300 கிராம் ஏறியிருந்தது. முட்டையின் வெண்கருவை இன்னமும் அவன் ஏற்கவில்லை, வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சங்கக் கூட்டங்களில் தறியையும் உரத்தையும் பற்றிப் பேசும் நேரத்தில் கால் மணி நேரத்தை இதற்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அனுபவமுள்ள தாய்மார் பேசட்டும், தகப்பன்மார் கேட்கட்டும். குழந்தையின் தட்டில் ஒரு துளி, திரும்பத் திரும்ப, கோபமின்றி வைத்து வந்தால் போதும். சிறுதுளியாகச் சேமித்தே நம் சங்கங்களும் வளர்ந்தன.